கடுகு ஜன்னல் ஏறுன கணக்கு

எங்க வீட்டுப் பூனை பேரு கடுகு. 2011 ஜூலைல, ஒரு மழை நாள்ல, இங்க டெல்லி முனிர்கா டிடிஏ ஃப்ளாட்ல கீழ்வீட்டு சர்தார்ஜி அங்கிளோட ஸ்கூட்டருக்கு அடியிலேந்து எடுத்தோம். உள்ளங்கைக்குள்ள அடங்கற சைஸ், கன்னங்கரேல்னு இருந்தா, அதான் அந்தப் பேரு. இப்ப அஞ்சு கிலோ. பேர மாத்தணும்னா பூசணின்னுதான் வைக்கணும், ஆனா காரம் மட்டும் கொறையல.

2024 டிசம்பர் குளிர்ல அவகிட்ட ஒரு மாத்தம். ஹால் ஜன்னல் திட்டு அவளோட சிம்மாசனம், தரையிலேந்து சோஃபா கைப்பிடி, அங்கேந்து திட்டு, ரெண்டே தாவு, பதிமூணு வருஷமா அப்படித்தான். ஒரு நாள் சோஃபாகிட்ட வந்து நின்னா, மேல பாத்தா, பின்னாடி ரெண்டு காலையும் மடக்கி தாவப் போற மாதிரி ஆட்டினா, அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பிப் போய் ரஜாய் போர்வைக்குள்ள பூந்துக்கிட்டா. நானும் அம்மாவும் சிரிச்சோம். "வயசாச்சில்ல, பொறுப்பு வந்துடுத்து"ன்னு அம்மா சொன்னா. இப்ப நெனச்சா அந்தச் சிரிப்பு தொண்டையில நிக்குது.

அதுக்கப்பறம் ஒண்ணொண்ணா வந்துச்சு, நாங்கதான் சேத்துப் பாக்கல. முதுகுல கடைசிப் பக்கம் தொட்டா கடிக்க வந்தா, அம்மா அத திமிருன்னா. வால்கிட்ட முடி சிக்கு விழுந்து பொடுகா இருந்துச்சு, அங்க வரைக்கும் வளைஞ்சு நக்க முடியலங்கறது எனக்குத் தோணவே இல்ல. மொசைக் தரையில நடந்தா டக் டக்னு நகம் சத்தம் கேக்கும், முன்னெல்லாம் பூனை வர்றதே தெரியாது. ஜனவரி மொத வாரம் மண் ட்ரேக்கு வெளியில, சரியா ஒரு சாண் தள்ளி, மூத்திரம் போயிருந்தா. நான் காலங்காத்தால ஆபீஸ் கெளம்பற அவசரத்துல அவள உரக்கத் திட்டினேன். ட்ரேயோட விளிம்பு எட்டு இஞ்ச் உசரம். அத ஏறித் தாண்டணும்னா முட்டி மடங்கணுமே.

நொண்டினா கண்டுபிடிச்சிருப்போம். ஆனா பூனைக்கு மூட்டு வலி பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சேந்தே வருது, ரெண்டு முழங்கை, ரெண்டு இடுப்பு, அப்பறம் முதுகெலும்பு. எந்தக் காலத் தூக்கிட்டு எந்தக் கால்ல நடக்கறது? அதனால நொண்டாது, செய்யறத கொறச்சுக்கும், அவ்வளவுதான். தாவாது, ஓடாது, ஜாஸ்தி தூங்கும். அத பாத்து நாம "வயசு"ன்னு பேரு வெச்சுடுவோம். 2002ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 12 வயசுக்கு மேற்பட்ட 100 பூனைங்களோட எக்ஸ்ரேய எடுத்துப் பாத்தா 90 பூனைக்கு மூட்டுத் தேய்மானம் இருந்துச்சாம். கிழட்டுப் பூனைங்கள்ல பத்துக்கு ஒம்பது. தெருவுல பாக்கற ஒவ்வொரு பெரிசையும் இப்ப வேற கண்ணாலதான் பாக்கறேன்.

மொதல்ல போன க்ளினிக் பத்தி ஜாஸ்தி சொல்ல வேண்டாம். நாய் கூட்டத்துக்கு நடுவுல ஒன்றரை மணி நேரம் வெயிட்டிங், அப்பறம் ரெண்டு நிமிஷம், "புட்டி ஹோ கயீ ஹை ஜீ", கிழவி ஆயிட்டாளாம், ஒரு கால்சியம் சிரப் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டாவதா ஒரு தோழி சொல்லி ஒரு லேடி டாக்டர்கிட்ட போனோம். அவங்க மொதல்ல கேட்டதே "வீட்ல நடக்கற வீடியோ இருக்கா?"ங்கறதுதான். க்ளினிக்ல பூனை பயத்துல வெறச்சுப் போயிடும், அங்க வெச்சுப் பாத்து ஒண்ணும் தெரியாது, படி ஏறறது எறங்கறது, தாவறது, வெளையாடறது, எல்லாத்தையும் ஃபோன்ல புடிச்சுட்டு வாங்கன்னாங்க. நல்லவேளை, பூனை வெச்சிருக்கறவங்க ஃபோன்ல வேற என்ன இருக்கும்? 2022ல எடுத்த வீடியோவையும் போன வாரத்து வீடியோவையும் அடுத்தடுத்து ஓட்டினாங்க. எனக்கு அங்கயே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எக்ஸ்ரேல ரெண்டு முழங்கையிலயும் எலும்பு சொரசொரன்னு, இடுப்பும் சரியில்ல. ஆனா எக்ஸ்ரேய மட்டும் நம்பாதீங்கன்னும் சொன்னாங்க, படம் மோசமா இருக்கற பூனை ஜம்முனு திரியும், படம் நல்லா இருக்கற பூனை வலியில முடங்கும்.

அன்னிக்கு ராத்திரி ஒரு விஷயம் நடந்துச்சு, அத எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பிச்சேன்னு கூட சொல்லலாம். நான் அடுப்படிக்குப் போனா அம்மா ஒரு கிண்ணியில தயிர் எடுத்து, அதுல ஸ்பூனால எதையோ பொடி பண்ணிட்டிருக்கா.

"என்னம்மா அது?"

"பாவம்டி, வலின்னு சொன்னாளே அந்த டாக்டரம்மா. என் முட்டி மாத்திரைல பாதிதான். கொழந்தைக்கெல்லாம் குடுக்கறதுதானே."

பாரசிட்டமால். 500 மில்லிகிராம்ல பாதி. நான் கிண்ணிய பிடுங்கி ஸிங்க்ல கொட்டினேன், அம்மா அழுதுட்டா. அவள சொல்லிக் குத்தமில்ல, எனக்கே அன்னிக்கு மத்தியானம் அந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும். பாரசிட்டமால நம்ம கல்லீரல் ஒரு வழியா பிரிச்சு வெளிய தள்ளிடும், பூனைக்கு அந்த வழிக்கான என்ஸைம் கிட்டத்தட்ட இல்ல. மாத்திரை விஷமா மாறி ரத்தத்துல ஆக்ஸிஜன் தூக்கற சக்தியையே கெடுத்துடும், ஈறு பழுப்பா மாறும், மூஞ்சியும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். அந்தப் பாதி மாத்திரையே கடுகுக்குப் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், நம்ம மாத்திரை டப்பாவுல இருக்கற எதுவும் நம்ம இஷ்டத்துக்குக் குடுக்கக் கூடாது. தைலமும் தடவக் கூடாது, கற்பூரம், யூகலிப்டஸ், விண்டர்கிரீன் எல்லாமே அவங்களுக்கு ஆகாது, அதுவும் தடவினத உக்காந்து நக்கி உள்ள தள்ற ஜீவன். தெரியாம உள்ள போயிட்டா வாந்தி வருதான்னு காத்திட்டிருக்காம ஒடனே ஓடுங்க, பாரசிட்டமாலுக்கு மாத்து மருந்து இருக்கு, நேரம்தான் முக்கியம்.

அம்மா சமாதானம் ஆகறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. ஆனதும் அடுத்த யோசனை: முடக்கத்தான். "முடக்கு அறுத்தான்டி, பேர்லயே இருக்கு." அம்மாவோட முட்டிக்கு ஆர்.கே.புரம் மலைமந்திர் பக்கத்துலேந்து எப்பவாச்சும் கெடைச்சா தோசைல அரைச்சுப் போடுவா, பால்கனித் தொட்டில பிரண்டை வேற வளக்கறா. மாயவரத்துல எங்க பாட்டி பிரண்டைத் தொவையல் தின்னுதான் எண்பத்தாறு வரைக்கும் மாடி ஏறினாளாம். சரிம்மா, ஆனா பிரண்டைய கையில வெறுமன உரிச்சா அரிக்குதே, அந்தப் பூனை வாயி என்ன ஆகும்னு கேட்டேன், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

டாக்டர் சொன்ன சப்ளிமெண்ட் ரெண்டு. ஒண்ணு மூட்டுக்குன்னு விக்கற க்ளூகோஸமைன்-காண்ட்ராய்ட்டின் காப்ஸ்யூல், பிரிச்சு சாப்பாட்டுல தூவறது. "கெடுதல் பண்ணாது, நல்லது பண்ணுமான்னு பெரிசா நம்பிக்கையும் வெக்காதீங்க"ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இன்னொண்ணு மீன் எண்ணெய், ஒமேகா-3. ஆளி விதைலயும் ஒமேகா இருக்கே, நாம சைவம்தானேன்னு அம்மா கேட்டா. நல்ல கேள்விதான். ஆனா செடியில இருக்கற ஒமேகாவ மூட்டுக்கு வேணுங்கற வடிவத்துக்கு மாத்தற வேலை பூனை உடம்புல ரொம்ப மோசமா நடக்குது, மீன்லேந்து நேரா வரணும். காட் லிவர் ஆயில் வேற, மீன் எண்ணெய் வேற, அதையும் பாத்து வாங்கணும். லிவர் எண்ணெய்ல வைட்டமின் ஏ ஜாஸ்தி, அது மாசக்கணக்கா போனா பூனைக்குக் கழுத்து எலும்பே ஒட்டிப் போயிடும், வெறும் ஈரலா போட்டு வளக்கற பூனைங்களுக்கு வர்ற வியாதி அது. கடுகு பாட்டில் எண்ணெய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அதனால ஐஎன்ஏ மார்க்கெட் போய் மத்தி வாங்கிட்டு வந்து, பால்கனில இண்டக்ஷன் அடுப்பு வெச்சு, தனிப் பாத்திரத்துல, மூக்குல புடவைத் தலைப்ப சுத்திக்கிட்டு எழுவத்தோரு வயசு மாயவரத்து அம்மா மத்தி வேக வெச்ச காட்சிய எங்க தாத்தா பாத்திருக்கணும்.

இப்ப ஜன்னல் கணக்குக்கு வரேன். டாக்டர் சொன்னாங்க, பூனைக்கு எது குடுத்தாலும் வீட்டுக்காரங்களுக்கு நல்லாயிட்ட மாதிரியே தோணும், அதனால ரெண்டு மூணு விஷயத்த பொறுக்கி எடுத்து எண்ணிக்கையா எழுதுங்கன்னு. நான் ஃபோன்ல ஆப் தேடிட்டு இருக்கறதுக்குள்ள அம்மா பொங்கலன்னிக்கே ஆரம்பிச்சுட்டா. கரோல் பாக் கடையில வருஷா வருஷம் குடுக்கற தினசரி காலண்டர், ராகு காலம் எமகண்டம் ராசிபலன் போட்டது, சாயங்காலம் தாளக் கிழிச்சு பின்னாடி பென்சில்ல எழுதுவா: ஜன்னல் 1. ட்ரே வெளில 0. கடி 2. எல்லாத் தாளையும் க்ளிப் போட்டு ஃப்ரிட்ஜ் மேல.

க்ளூகோஸமைன் ஆரம்பிச்சு மூணு வாரத்துல எங்க ரெண்டு பேருக்குமே சந்தேகமில்ல, கடுகு தேறிட்டா. கண்ணுல பளபளப்பு, மூஞ்சில தெளிவு, ஒரு நாள் பந்தக் கூட தட்டினா. சந்தோஷமா தாளெல்லாம் எடுத்துக் கூட்டிப் பாத்தா, மொத வாரம் ஜன்னல் ஏழு தடவ, மூணாவது வாரம் ஆறு. கடி மட்டும் கொறஞ்சிருந்துச்சு, அதுவும் நாங்க முதுகத் தொடறத நிறுத்தினதால. நாங்க பாத்தது எங்க ஆசைய.

இது எங்க முட்டாள்தனம் மட்டும் இல்லங்கறது பின்னாடி படிச்சப்ப தெரிஞ்சது. அமெரிக்காவுல வட கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 2014ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. மூட்டு வலி உள்ள பூனைங்கள்ல பாதிக்கு மெலாக்ஸிகாம்ங்கற வலி மருந்து, பாதிக்கு வெத்து மருந்து, எது யாருக்குன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. மூணு வாரம் கழிச்சுக் கேட்டா ரெண்டு பக்கமும் நல்லாயிடுச்சுன்னாங்க, வித்தியாசமே இல்ல. அப்பறம் சொல்லாம எல்லாருக்கும் வெத்து மருந்தையே குடுத்தாங்க. அப்பத்தான் பிரிஞ்சது, நெஜ மருந்து சாப்ட்டுட்டிருந்த பூனைங்கதான் திரும்ப மோசமாச்சுன்னு வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சாங்க. குடுக்கும்போது தெரியாதது நிறுத்தும்போது தெரியுது. எனக்கு இந்த ஒரு விஷயம் இத்தன நாள் படிச்சதுல எல்லாத்தையும் விட பெரிசு.

பிப்ரவரி 12ந் தேதி மெலாக்ஸிகாம் ஆரம்பிச்சோம். அதுக்கு முன்னாடி ரத்தம், மூத்திரம், பிபி எல்லாம் பாத்தாங்க, கிரியேட்டினின் 1.4 (கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு அது, ரத்தத்துல ஏறினா கிட்னி சரியில்லன்னு சந்தேகப்படணும்). ஏன் இவ்வளவு பாக்கணும்னா இந்த மருந்து வகையே வீக்கத்த உண்டாக்கற புராஸ்டாகிளாண்டின்ங்கற சரக்கத் தடுக்குது, அதே சரக்குதான் உடம்புல தண்ணி கொறையும்போது கிட்னிக்கு ரத்தம் போறதையும் பாத்துக்குது. கிழட்டுப் பூனைங்க நெறைய பேருக்கு கிட்னி ஏற்கனவே கொஞ்சம் போயிருக்கும். ஐரோப்பாவுல 2007லேந்தே பூனைக்குத் தொடந்து குடுக்க அனுமதி இருக்கு, அமெரிக்காவுல நேர்மாறா, ஒரு ஊசியோட நிறுத்தணும், திரும்பத் திரும்பக் குடுத்தா கிட்னி போயி சாகலாம்னு 2010ல கட்டம் கட்டி எச்சரிக்கையே போட்டாங்க. ஒரே மருந்து, ரெண்டு ஊரு ரெண்டு நியாயம். எங்க டாக்டர் ரெண்டையும் சொல்லிட்டு, கொஞ்சமா, கண்காணிப்போட குடுக்கலாம், வேண்டாம்னா கேபாபெண்ட்டின்னு இன்னொரு வலி மருந்து மட்டும் போதும், நீங்க யோசிச்சு சொல்லுங்கன்னு விட்டாங்க. யோசிச்சோம். வலியில ரெண்டு வருஷம் ஜாஸ்தி இருக்கறதா, வலி இல்லாம இருக்கற வரைக்கும் இருக்கறதான்னு அம்மாதான் ஒரு கேள்வி கேட்டா, பதிலையும் அவளே சொல்லிட்டா.

மெலாக்ஸிகாம்ன்ற பேர கேட்டதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நான் சின்னவளா இருந்தப்ப டெல்லில பாறு கழுகு சர்வசாதாரணம், மரத்துல கூட்டமா உக்காந்திருக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்ட தின்ன பாறுங்களோட கிட்னிய காலி பண்ணி, கொஞ்ச வருஷத்துல நாடு பூரா வழிச்செடுத்த மாதிரி ஆயிடுச்சு. 2006ல மாட்டு டைக்ளோஃபெனாக தடை பண்ணப்ப அதுக்குப் பதிலா பாறுக்கு ஆபத்தில்லாததுன்னு கை காட்டினது இந்த மெலாக்ஸிகாமத்தான். கழுகக் காப்பாத்தின மருந்து பூனை கிட்னிக்கு வந்தா கத்தி மேல நடக்கற கதை.

அளவுதான் இதுல உயிர். ஐரோப்பிய அளவுப்படி மொத நாள் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அப்பறம் தெனம் 0.05. கடுகோட 5.4 கிலோவுக்கு தெனம் 0.27 மில்லிகிராம், நம்ம மனுஷ மாத்திரை ஒண்ணு 7.5, அதாவது ஒரு மாத்திரைல அவளுக்கு ஏறக்கொறைய ஒரு மாசத்து மருந்து இருக்கு. சிரப்லயும் ரெண்டு வகை, பூனைக்கு மில்லிக்கு 0.5, நாய்க்கு 1.5. நான் சீட்டக் காட்டினப்ப கடைக்காரர் நாயோடத எடுத்துக் குடுத்துட்டார், டப்பா ஒரே மாதிரி. வீட்டுக்கு வந்து ஸிரிஞ்சுல அரை மில்லி இழுத்து வெச்சுட்டு சும்மா ஒரு தடவ லேபிளப் படிச்சேன். படிக்கலேன்னா மூணு மடங்கு போயிருக்கும், அதுவும் தெனம். வயித்துல சாப்பாடு இருக்கணும், அன்னிக்கு சாப்பிடலையா, வாந்தியா, மருந்து கெடையாது, ஸ்டீராய்டோட சேக்கவே கூடாது. இத எல்லாம் அம்மா ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கா.

நான் இங்க போட்ட அளவெல்லாம் எங்க பூனைக்கு எங்க டாக்டர் போட்ட கணக்கு, இத வெச்சு யாரும் தானா ஆரம்பிச்சுடாதீங்க, ப்ளீஸ்.

ராத்திரிக்குக் கேபாபெண்ட்டினும் கொஞ்ச நாள் குடுத்தோம். அது நரம்பு வழியா வர்ற வலிக்கு. மொத நாள் குடிகாரன் மாதிரி தள்ளாடி சோஃபாலேந்து பொத்துனு விழுந்தா. டோஸக் கொறச்சாங்க, அப்பறம் டாக்டர்கிட்ட போற அன்னிக்கு மட்டும் போதும்னு ஆயிடுச்சு. மாசம் ஒரு ஊசின்னு புதுசா ஒண்ணு இருக்கு, ஃப்ரூனெவெட்மாப், வலி நரம்ப தூண்டி விடற ஒரு புரதத்தப் போய் புடிச்சுக்குமாம், 2022 ஜனவரில அமெரிக்காவுல அனுமதி, மிருகங்களுக்குன்னு அங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதிச்ச மொத மோனோக்ளோனல் ஆன்டிபாடியே (ஒரே ஒரு இலக்க மட்டும் புடிக்கற மாதிரி லேப்ல செய்யற புரதம்) அதான். எங்க டாக்டர்கிட்ட அது இல்ல.

மெலாக்ஸிகாம் ஆரம்பிச்சு மார்ச் நடுவுல ஜன்னல் கணக்கு ஒரு நாளைக்கு நாலு. சிக்கல் என்னன்னா அதுக்குள்ள டெல்லில வெயில் வந்துடுச்சு. ஜனவரில இந்த வீடெல்லாம் வெளிய விட உள்ளதான் சில்லுனு இருக்கும், மொசைக் ஐஸ் பாளம், அம்மாவுக்கே ரெண்டு ஜோடி ஸாக்ஸ். மார்ச்சுல எல்லார் முட்டியும்தான் எளகும். இது மருந்தா, வெயிலா? போதாக்கொறைக்கு நாங்க வேற பழைய ரெண்டு சூட்கேஸ அடுக்கி சோஃபாகிட்ட படி கட்டியிருந்தோம், யோகா மேட்ட வெட்டி தரையில ஓடு பாதை போட்டிருந்தோம், ட்ரேயோட முன் பக்கத்த சூடு கத்தியால ரெண்டு இஞ்ச்சுக்கு வெட்டியிருந்தோம். இந்த ட்ரே வெட்டினது அன்னிக்கே பலிச்சது, தாள் தாளா "ட்ரே வெளில 0", அதுக்கு எந்த மருந்தும் காரணமில்ல.

டாக்டர்கிட்ட கேட்டுட்டு மார்ச் கடைசில ஒரு வாரம் மெலாக்ஸிகாம நிறுத்திப் பாக்கலாம்னு ஆரம்பிச்சேன். எனக்கு மட்டும்தான் தெரியும், அம்மாகிட்ட சொல்லல, ஸிரிஞ்சுல மத்தி வேக வெச்ச தண்ணியக் குடுத்தேன். வெளிய 34 டிகிரி. மொத ரெண்டு நாள் நாலு, நாலு. அப்பறம் மூணு. அப்பறம் ரெண்டு. ஆறாம் நாள் தாள் பின்னாடி அம்மா எழுதியிருந்தா: ஜன்னல் 0, கிட்ட போயி பாத்துட்டு வந்துட்டா. முன்னாடி பக்கம் அன்னிக்கு எங்க ராசிக்கு "நலம்"னு போட்டிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே மருந்த ஆரம்பிச்சேன், அம்மாகிட்டயும் ஒத்துக்கிட்டேன். "என்ன ஏமாத்தினது இருக்கட்டும், அவளை ஏமாத்தினியேடி"ன்னா. அந்த மூணு நாலு நாள் வலி என் கணக்குல. ஆனா அப்படிப் பாக்கலேன்னா, தேவையான்னே தெரியாத ஒண்ண தெனம் அவ கிட்னி மேல கொட்டிட்டிருந்திருப்பேன். க்ளூகோஸமைனையும் அதே மாதிரி நிறுத்தினோம், ஒரு மாசம் ஆகியும் ஒரு எழுத்து மாறல, அந்தக் காசு இப்ப மத்திக்குப் போகுது.

எடையும் கொறைக்கறோம், மெதுவா, ஏன்னா குண்டுப் பூனைய பட்டினி போட்டா கல்லீரல்ல கொழுப்பு அடைச்சு செத்தே போகலாம். எட்டு மாசத்துல நானூறு கிராம். நகம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நான் வெட்டறேன், தேய்க்க மாட்டேங்கறதால வளைஞ்சு பாதத்துல குத்த ஆரம்பிச்சிருந்துச்சு.

இப்ப ரெண்டாவது குளிர். போன மாச டெஸ்ட்ல கிரியேட்டினின் 1.9. டாக்டர் மருந்த பாதியாக் கொறச்சிருக்காங்க, தண்ணி ஜாஸ்தி உள்ள போகணும்னு சாப்பாடெல்லாம் ரசம் பதத்துக்குக் கரைச்சுக் குடுக்கறோம், வர்ற செவ்வாய்க்கிழமை திரும்ப ரத்தம் எடுக்கணும். பாதி டோஸ்ல ஜன்னல் ரெண்டு, மூணு. அம்மா புது வருஷக் காலண்டருக்கு இன்னிக்கே கரோல் பாக் போகணும்கறா, முட்டி வலிக்குதேன்னா "எனக்கு மெட்ரோல லிஃப்ட் இருக்கு"ங்கறா. கடுகு சூட்கேஸ் மேல ரெண்டாவது படியில உக்காந்துட்டிருக்கா, மேல போறதா கீழ எறங்கறதான்னு இன்னும் முடிவு பண்ணல. பென்சில் அம்மா கையில தயாரா இருக்கு.